மரபணு மாற்றிய உணவும் முன்காப்பு நெறியும்

உலக நாடுகள் தமக்குள் செய்துகொள்ளும் உடன்படிக்கைகள் பெரும்பாலும் மேலை நாட்டு நகரங்களின் பெயரையே தாங்கி நிற்கும். அவற்றுள் ஒன்று கோலாலம்பூரின் பெயரையும் தாங்கியுள்ளது என்பது இந்நகரில் வாழ்வோரிலேயே பலர் அறியாத செய்தி. பொறுப்பும் நிவாரணமும் பற்றிய 'நகோயா - கோலாலம்பூர் துணை நெறிமுறை' என்பது அதன் பெயர். 2010ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் ஜப்பானிலுள்ள நகோயா நகரில் ஏற்றுக்கொள்ளப்பட்ட அது, 2018ஆம் ஆண்டு மார்ச் 5ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. மரபணு மாற்றப்பட்ட உயிர்களால் ஒரு நாட்டின் இயற்கை வளத்துக்குக் கேடு நேர்ந்தால் பொறுப்பேற்க வேண்டியவர் யார், சீர்செய்ய வேண்டியவர் யார் என்பதே அதன் பொருள்.

இது வழக்கறிஞர்களுக்கும் விஞ்ஞானிகளுக்கும் மட்டுமே உரிய செய்தி அன்று. பிரிக்ஃபீல்ட்ஸ் கடைத்தெருவிலோ, கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலோ ஒருவர் பகலுணவுக்கு அமர்கிறார் என்று கொள்வோம். அவர் இலையில் விழும் கோழிக் குழம்பின் கோழி, பெரும்பாலும் இறக்குமதியான மக்காச்சோளத்தையும் சோயாப் பிண்ணாக்கையும் தின்று வளர்ந்தது. பொரித்த டோஃபுவும் தெம்பேயும் கடல் கடந்து வந்த சோயா அவரையால் ஆனவை. மலேசியா தனக்கு வேண்டிய சோயாவையும் தீவன மக்காச்சோளத்தையும் ஏறக்குறைய முழுவதும் வெளிநாடுகளிலிருந்தே வாங்குகிறது. அவற்றை விற்கும் அமெரிக்கா, பிரேசில், அர்ஜெண்டினா ஆகிய நாடுகளில் அவ்விரு பயிர்களும் பெரும்பகுதி மரபணு மாற்றியவை. ஆகவே, மலேசிய மண்ணில் மரபணு மாற்றிய உணவுப் பயிர் வாணிக முறையில் விளைவிக்கப்படாவிடினும், மலேசியர் வீட்டு அடுக்களைக்குள் அது எப்போதோ வந்துவிட்டது.

அவ்வாறாயின், அதனை அஞ்ச வேண்டுமா? அஞ்சுவதற்கு உறுதியான சான்று இல்லாதபோது அரசு என்ன செய்ய வேண்டும்? சான்று கிடைக்கும்வரை காத்திருப்பதா? அல்லது சான்று கிடைக்கும் முன்னரே வேலி கட்டுவதா? இவ்வினாக்களுக்கு விடை காண முயலும் நெறியே 'முன்காப்பு நெறி' எனப்படுவது.

மரபணு மாற்றம் என்பது யாது?

உழவன் தொன்றுதொட்டு நல்ல விதையைத் தேர்ந்தெடுத்தும், ஒரு வகையை இன்னொரு வகையோடு சேர்த்தும் பயிரின் இயல்பை மாற்றியே வந்திருக்கிறான். ஆனால் அம்முறையில் நெல் நெல்லோடும் கத்தரி கத்தரியோடும், மிஞ்சிப்போனால் நெருங்கிய உறவுச் செடியோடுமே சேரும். இன்றைய மரபணுத் தொழில்நுட்பத்துக்கு அந்த எல்லை இல்லை. ஓர் உயிரின் இயல்பைத் தீர்மானிக்கும் மரபணுவைத் தனியே எடுத்து, அதனோடு எவ்வித உறவும் இல்லாத வேறோர் உயிரில் அதனால் பொருத்த இயலும்.

எடுத்துக்காட்டாக, மண்ணில் வாழும் 'பேசில்லஸ் துரிஞ்ஜியென்சிஸ்' என்னும் நுண்ணுயிர் ஒருவகைப் புரதத்தை உண்டாக்குகிறது. சில புழுக்கள் அதனை உண்டால் குடல் சிதைந்து இறந்துபோகும். அப்புரதத்தை உண்டாக்கும் மரபணுவைப் பருத்தியிலோ கத்தரியிலோ பொருத்தினால், செடியே தன்னைத் துளைக்கும் புழுவைக் கொல்லும் ஆற்றல் பெறும். இதுவே 'பி.டி.' பயிர். கிளைஃபோசேட் என்னும் களைக்கொல்லியைத் தெளித்தாலும் மடியாமல் நிற்கும் சோயா மற்றொரு வகை. 1994ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மரபணு மாற்றிய தக்காளி ஒன்று முதன்முதல் கடைக்கு வந்தது. 1996 முதல் சோயாவும் மக்காச்சோளமும் பருத்தியும் பெருவயல்களில் பயிராகலாயின.

இவற்றை உண்பதால் உடலுக்குத் தீங்கு உண்டா என்ற வினாவுக்கு இதுவரை கிடைத்த விடை ஆறுதல் தருவதாகவே உள்ளது. அமெரிக்க நாட்டு அறிவியல் கழகங்கள் 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட விரிவான அறிக்கை, விற்பனையிலுள்ள மரபணு மாற்றிய உணவுகள் ஏனைய உணவுகளைவிட உடல்நலத்துக்குக் கூடுதலான கேடு விளைவிப்பதற்கு நிலைநாட்டத்தக்க சான்று இல்லை என்று கூறிற்று. அதே அறிக்கை, களைக்கொல்லியைத் தாங்கும் களைகள் பெருகியது வேளாண்மைக்குப் பெரிய தொல்லை என்பதையும் ஒப்புக்கொண்டது. மேலும், ஒரு பயிருக்குக் கிடைத்த நற்சான்று அடுத்துவரும் பயிருக்குத் தானே பொருந்திவிடாது. புதிய மரபணுவும் புதிய பயிரும் தனித்தனியே சோதிக்கப்பட வேண்டியவை. மகரந்தம் காற்றில் பறந்து காட்டினத்தோடு கலந்துவிட்டால் அதனைத் திரும்ப அழைக்க வழியில்லை. ஐயம் பிறப்பது இவ்விடத்தில்தான்.

வருமுன் காத்தலும் ஐயத்தில் காத்தலும்

மூன்று மீன்களின் கதை தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பழக்கமானது. நாளை வலை வீசுவோம் என்று மீனவர் பேசியதைக் கேட்ட மாத்திரத்தில் குளத்தை விட்டு வெளியேறியது முதல் மீன். வருமுன் காப்பது அறிவு என்பது அக்கதையின் பாடம். ஆனால் அந்த மீனுக்கு ஒரு வசதி இருந்தது. வரப்போவது மீனவர்தாம் என்பது அதற்குத் திண்ணமாகத் தெரியும். கரையில் நிற்பவன் மீனவனா, வழிப்போக்கனா என்பதே தெரியாதபோது மீன் என்ன செய்ய வேண்டும்? கதை அதைச் சொல்லவில்லை.

தெரிந்த கேட்டைத் தடுப்பது ஒன்று. ஐயத்துக்குரிய கேட்டைக் காப்பது வேறொன்று. முன்னதற்கு மலேசியத் தமிழர் நன்கறிந்த ரப்பர் மரமே சான்று. பிரேசிலிலிருந்து வந்த அம்மரத்துக்கு அதன் தாயகத்தில் ஒரு கொடிய பகை உண்டு. தென்னமெரிக்க இலைக்கருகல் நோய் என்பது அது. 1920களின் இறுதியில் ஹென்றி ஃபோர்டு பிரேசிலில் தொடங்கிய பெரும் ரப்பர்த் தோட்டத்தை வீழ்த்தியதில் அந்நோய்க்குப் பெரும்பங்கு உண்டு. 1956ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த தென்கிழக்காசிய, பசிபிக் வட்டாரப் பயிர்ப் பாதுகாப்பு உடன்படிக்கை, அந்நோயை இவ்வட்டாரத்துக்குள் நுழையவிடாதிருக்கத் தனி விதிகளை வகுத்தது. அமெரிக்க வெப்ப மண்டலத்திலிருந்து வரும் செடி, விதை ஆகியவற்றுக்குக் கடுங்கட்டுப்பாடு ஏற்பட்டது. இன்றுவரை அந்நோய் மலேசியத் தோட்டங்களை அண்டவில்லை. இது வருமுன் காத்தல். பகை தெரியும், அதன் வழியும் தெரியும். கதவை மூடினால் போதும்.

மரபணு மாற்றிய பயிரில் பகை உண்டா இல்லையா என்பதே வழக்கு. இத்தகைய இடத்துக்கென 1970களில் ஜெர்மானியச் சட்ட அறிஞர்களிடையே உருப்பெற்ற கருத்து, 1992ஆம் ஆண்டு ரியோ டி ஜெனிரோவில் கூடிய உலக மாநாட்டின் அறிக்கையில் பதினைந்தாவது கோட்பாடாக இடம்பெற்றது. கடுமையான, அல்லது மீட்க முடியாத கேடு நேரும் அச்சுறுத்தல் இருக்குமானால், முழுமையான அறிவியல் உறுதி இல்லை என்பதைக் காரணங்காட்டித் தடுப்பு முயற்சிகளைத் தள்ளிப்போடலாகாது என்பது அதன் சாரம்.

இதில் கூர்ந்து நோக்க வேண்டியது ஒன்றுண்டு. ஐயம் இருந்தால் தடைசெய் என்று அக்கோட்பாடு கூறவில்லை. ஐயம் இருக்கிறது என்பதையே சாக்காக வைத்து வாளாவிராதே என்றுதான் கூறுகிறது. இவ்விரண்டுக்குமுள்ள வேறுபாட்டை மறந்தோரே முன்காப்பு நெறியை ஒருபுறம் அளவுகடந்து புகழ்கின்றனர். மறுபுறம் அளவுகடந்து பழிக்கின்றனர்.

தமிழகத்து நீதிமன்ற வழக்கு ஒன்று இந்நெறியின் மற்றொரு முகத்தைக் காட்டிற்று. வேலூர் வட்டாரத் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பாலாற்றையும் விளைநிலங்களையும் கெடுத்தது பற்றிய வழக்கில், இந்திய உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. முன்காப்பு நெறி நாட்டுச் சட்டத்தின் பகுதியே என்று கூறிய அத்தீர்ப்பு, தன் செயல் தீங்கற்றது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு தொழில் நடத்துபவனையே சாரும் என்றும் உரைத்தது. கெட்டுப்போன கிணற்று நீரைக் குடிப்பவன் ஆய்வுக்கூடம் வைத்துச் சான்று தேட வேண்டியதில்லை என்பது இதன் பொருள்.

கோலாலம்பூரின் பெயர் வந்த வரலாறு

மரபணு மாற்றிய உயிர்கள் நாடுவிட்டு நாடு செல்வதை நெறிப்படுத்தும் உலக உடன்படிக்கைக்கு 1990களில் பேச்சுகள் நடந்தன. 1999ஆம் ஆண்டு பிப்ரவரியில் கொலம்பியாவின் கார்ட்டஹீனா நகரில் கூடிய நாடுகள் உடன்பாடு காணாமலே கலைந்தன. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, அர்ஜெண்டினா, சிலி, உருகுவே ஆகிய தானிய ஏற்றுமதி நாடுகள் ஓரணியில் நின்றன. எத்தியோப்பிய விஞ்ஞானி தெவோல்டே எக்சியாபெர் தலைமையில் வளரும் நாடுகள் பல மற்றோர் அணியாக நின்றன. மலேசியா இவ்வணியைச் சேர்ந்தது. மலேசியாவின் சார்பில் வாதாடியவருள் சட்ட அறிஞர் குர்தியால் சிங் நிஜார் குறிப்பிடத்தக்கவர். விற்பவன் சொல்லை மட்டும் நம்பி வாங்குபவன் வாய்மூடி இருக்க வேண்டுமா என்பதே பூசலின் உட்கிடை.

இறுதியில் 2000ஆம் ஆண்டு ஜனவரி 29ஆம் நாள் மாண்ட்ரியலில் உடன்பாடு பிறந்தது. பேச்சு முறிந்த ஊரின் பெயராலேயே அது கார்ட்டஹீனா நெறிமுறை எனப்பட்டது. அறிவியல் உறுதி போதாத நிலையிலும், இறக்குமதி செய்யும் நாடு தன் முடிவைத் தானே எடுக்கலாம் என்பது அதில் எழுத்தாகப் பதிந்தது. மலேசியா 2003ஆம் ஆண்டு செப்டம்பரில் அதனை உறுதிசெய்தது.

ஆனால் ஒரு வினா விடையின்றி நின்றது. எல்லா எச்சரிக்கையும் கடந்து கேடு நேர்ந்துவிட்டால் யார் பொறுப்பு? நான்காண்டுக்குள் இதற்கு வழி காண முயல்வோம் என்று மட்டும் நெறிமுறை சொல்லி வைத்தது. 2004ஆம் ஆண்டு பிப்ரவரியில் நெறிமுறை நாடுகளின் முதற்கூட்டம் கோலாலம்பூரில் நடைபெற்றபோது, அதற்கென ஒரு குழு அமைக்கப்பட்டது. நான்காண்டு ஆறாண்டாக நீண்டது. 2010ஆம் ஆண்டிலும் இறுதிக்கட்டப் பேச்சுக்காக நாடுகள் கோலாலம்பூரில் மீண்டும் கூடின. தொடங்கிய ஊரும் முடித்த ஊரும் சேர்ந்து துணை நெறிமுறைக்கு நகோயா - கோலாலம்பூர் என்று பெயராயிற்று.

இப்பொறுப்பு வீண் கற்பனை அன்று என்பதற்கு 2006ஆம் ஆண்டின் அமெரிக்க நெல் நிகழ்ச்சி சான்று. விற்பனைக்கு ஒப்புதல் பெறாத மரபணு மாற்றிய நெல் ஒன்றின் சுவடு அமெரிக்க அரிசியில் காணப்பட்டது. உடல்நலத்துக்குத் தீங்கில்லை என்று அந்நாட்டு அதிகாரிகள் கூறினர். ஆயினும் வெளிநாட்டுச் சந்தைகள் கதவடைத்தன, விலை வீழ்ந்தது. தவறேதும் செய்யாத உழவர்கள் இழப்புக்கு ஆளாயினர். நீண்ட வழக்குகளின் பின் 2011ஆம் ஆண்டில் பேயர் நிறுவனம் அவர்களுக்கு 75 கோடி டாலர் வரை கொடுக்க உடன்பட்டது. அந்நாட்டு நீதிமன்றங்கள் வலிமையுடையவை. உழவர்களும் ஒன்றுதிரண்டு வழக்காட முடிந்தது. எல்லா நாட்டு உழவர்க்கும் அது கூடுமா? துணை நெறிமுறையும் இயற்கை வளத்துக்கு நேரும் கேட்டையே முதன்மையாகக் கருதுகிறது. உழவரின் பொருளிழப்பு போன்றவற்றை அந்தந்த நாட்டுச் சட்டத்துக்கே விட்டுவிட்டது.

மலேசியச் சட்டமும் முதற்சோதனையும்

மலேசிய நாடாளுமன்றம் 2007ஆம் ஆண்டில் உயிரிப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. 2009ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. தேசிய உயிரிப் பாதுகாப்பு வாரியம் முடிவெடுக்கும். விஞ்ஞானிகள் கொண்ட ஆலோசனைக் குழு அதற்கு அறிவுரை கூறும். போதிய அறிவியல் உறுதி இல்லை என்பது வாரியம் முடிவெடுப்பதற்குத் தடையாகாது என்று சட்டம் தெளிவாகவே கூறுகிறது. சமுதாய, பொருளாதார விளைவுகளையும் கருதிப்பார்க்கலாம் என்கிறது. புதிய செய்தி கிடைத்தால் பழைய முடிவை மறுபடி ஆராயவும் அதில் இடமுண்டு.

இச்சட்டத்தின் முதற்பெருஞ்சோதனையாக வந்தது பயிர் அன்று, கொசு. அப்போது கோலாலம்பூர் ஜாலான் பகாங்கில் இயங்கிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவை ஒழிக்க, ஆக்சிடெக் என்னும் பிரிட்டிஷ் நிறுவனம் உருவாக்கிய மரபணு மாற்றிய ஆண் கொசுவை ஆராய முன்வந்தது. அவ்வாண்கள் காட்டுப் பெண் கொசுக்களோடு இணைந்தால் பிறக்கும் குஞ்சுகள் பெரும்பாலும் வளருமுன்னே மடியும். 2010ஆம் ஆண்டில் வாரியம் நிபந்தனைகளோடு அனுமதித்தது. டிசம்பர் 21ஆம் நாள் பகாங் மாநிலத்துப் பெந்தோங்கில், மக்கள் குடியிராத காட்டுப்பகுதியில் ஏறத்தாழ 6,000 ஆண் கொசுக்கள் விடப்பட்டன. அவை எவ்வளவு தூரம் பறக்கும், எத்தனை நாள் உயிர்வாழும் என்று காண்பதே நோக்கம்.

பினாங்கு பயனீட்டாளர் சங்கம் உள்ளிட்ட அமைப்புகள் இம்முயற்சியை எதிர்த்து வந்தன. சோதனை நடந்தேறிய செய்தி 2011ஆம் ஆண்டு ஜனவரி இறுதியில்தான் பரவலாக வெளிவந்தது. கொசுவைப் பற்றிய ஐயத்தைக் காட்டிலும், சொல்லாமற் செய்தார்களே என்ற மனக்குறையே மக்களிடம் மேலோங்கிற்று. ஆராய்ச்சியின் முடிவு 2012ஆம் ஆண்டில் வெளியானது. மாற்றிய கொசு மாற்றாத கொசுவைவிடக் குறைந்த தூரமே பறந்தது. வாழ்நாளில் பெரிய வேறுபாடு இல்லை. ஆயினும் குடியிருப்புப் பகுதிகளில் விடும் அடுத்த கட்டத்துக்கு அம்முயற்சி செல்லவில்லை.

இங்கே தராசின் மறுதட்டையும் நோக்க வேண்டும். 2010ஆம் ஆண்டில் மலேசியாவில் 46,171 பேர் டெங்கிக் காய்ச்சலுக்கு ஆளாயினர். 134 பேர் மாண்டனர். 2015ஆம் ஆண்டில் நோயாளர் 1,20,836 ஆகவும், இறந்தோர் 336 ஆகவும் உயர்ந்தனர். அவர்களில் பெரும்பகுதியினர் சிலாங்கூர் மாநிலத்தவர். கொசுவை விடுவதில் ஐயம் உண்டு. விடாமலிருப்பதில் சாவு உண்டு. இவற்றுள் எதனை முன்காப்பு என்பது?

இவ்விக்கட்டிலிருந்து வெளியேற முன்காப்பு நெறியே ஒரு வழி காட்டுகிறது. வேறு வழி இல்லையா என்று கேள் என்பது அதன் கூறுகளுள் ஒன்று. வோல்பாக்கியா என்னும் நுண்ணுயிர் பல பூச்சிகளின் உடலில் இயற்கையாகவே வாழ்வது. அதனை ஏடிஸ் கொசுவில் ஏற்றினால் டெங்கிக் கிருமி அக்கொசுவில் பெருகுவது குறையும். இதில் மரபணு மாற்றம் இல்லை. 2017ஆம் ஆண்டு முதல் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தார் ஷா ஆலாம், பெட்டாலிங் ஜெயா உள்ளிட்ட குடியிருப்புகளில், மக்களின் ஒப்புதல் பெற்று, இத்தகைய கொசுக்களை விட்டனர். அவ்விடங்களில் டெங்கி ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்ததாக 2019ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டிற்று. அறிவியலைத் தடுக்காமல், வேறொரு பாதையில் நடத்தவும் எச்சரிக்கையால் முடியும் என்பதற்கு இது நல்ல சான்று.

அறிந்து உண்ணும் உரிமை

உணவைப் பொறுத்தவரை, 1985ஆம் ஆண்டின் உணவு விதிகள் 2010ஆம் ஆண்டில் திருத்தப்பட்டு, மரபணு மாற்றிய பொருள் கலந்த உணவில் அதனைக் குறிக்கும் சீட்டு வேண்டும் என்று ஆயிற்று. தற்செயலாகக் கலந்து 3 விழுக்காட்டுக்கு மேற்போகாதவற்றுக்கு விலக்கு உண்டு. மரபணுவோ புரதமோ எஞ்சாதபடி நன்கு தூய்மை செய்யப்பட்ட எண்ணெய், சர்க்கரை போன்றவற்றுக்கும் விலக்கு உண்டு. விலங்கின் மரபணு சேர்ந்திருந்தால் அதன் மூலத்தைச் சொல்லியாக வேண்டும். பன்றியை விலக்கும் முஸ்லிமுக்கும், மாட்டை விலக்கும் இந்துவுக்கும், புலாலே உண்ணாத சைவருக்கும் இது உடல்நலக் கேள்வி மட்டும் அன்று. மனச்சான்றின் கேள்வியும் ஆகும்.

சீட்டு ஒட்டுவதால் நஞ்சு அமுதமாகிவிடாது. அமுதம் நஞ்சாகிவிடவும் செய்யாது. ஆயினும் ஐயத்துக்குரிய ஒன்றை ஏற்பதா விடுப்பதா என்னும் முடிவை அது உண்பவனிடமே ஒப்படைக்கிறது.

எச்சரிக்கையின் விலை

இந்நெறிக்கு எதிராகக் கூறப்படும் வாதங்களைப் புறக்கணித்தல் முறையன்று. எப்பக்கம் திரும்பினும் ஏதேனும் ஓர் ஆபத்து இருக்கவே செய்யும்; ஆகவே ஐயமுள்ள யாவற்றையும் தடுப்பது என்றால் எதையுமே செய்ய இயலாது என்பது அமெரிக்கச் சட்ட அறிஞர் காஸ் சன்ஸ்டீனின் வாதம். அதனை எளிதில் தள்ளிவிட முடியாது.

இந்தியாவின் பி.டி. கத்தரியை எடுத்துக்கொள்ளலாம். காய்த்துளைப்பான் புழுவால் கத்தரி உழவர் படும் பாடு பெரிது. புழுவைக் கொல்ல அவர்கள் அடுத்தடுத்துப் பூச்சிமருந்து அடிக்கின்றனர். அதனைத் தவிர்க்க மகைக்கோ நிறுவனத்தோடு கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் சேர்ந்து பி.டி. கத்தரி வகைகளை உருவாக்கிற்று. 2009ஆம் ஆண்டு அக்டோபரில் வல்லுநர் குழு இசைவளித்தது. ஆனால் சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் மக்கள் கருத்தைக் கேட்டபின், 2010ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் நாள் அதனை நிறுத்திவைத்தார். கத்தரியின் பல்வகை இனங்கள் செழித்த தாய்மண் இந்தியா என்பதும், அவ்வினங்கள் கலப்புறலாம் என்பதும், நீண்டகாலச் சோதனை போதாது என்பதும் அவர் காட்டிய காரணங்களுள் சில.

வங்காளதேசமோ அதே தொழில்நுட்பத்தை 2013ஆம் ஆண்டில் ஏற்று, அடுத்த ஆண்டே உழவர்க்குக் கொடுத்தது. அங்கே பூச்சிமருந்துச் செலவு குறைந்ததை ஆய்வுகள் காட்டின. எச்சரிக்கையாக நின்ற நாட்டில் மருந்தடிப்பவன் நுகரும் நஞ்சு தொடர்ந்தது. நிறுத்திவைப்பது என்றால் ஐயம் தீரும்வரை ஆராய்வது என்றுதான் பொருள். ஆண்டுகள் பல கடந்தும் ஐயம் அப்படியே கிடக்குமாயின், அதற்கு முன்காப்பு என்ற பெயர் பொருந்தாது. கடமையைத் தட்டிக்கழித்தல் என்ற பெயரே பொருந்தும். வைட்டமின் ஏ குறைவைப் போக்க உருவான பொன்னரிசியைப் பிலிப்பைன்ஸ் 2021ஆம் ஆண்டில் பயிரிட அனுமதித்ததும், 2024ஆம் ஆண்டில் அந்நாட்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்வனுமதியை நீக்கியதும் இவ்வழக்கு இன்னும் முடியவில்லை என்பதைக் காட்டும்.

ஐயத்தின் சுமை யார் தலையில்?

ஆயினும் இந்நெறியை அடியோடு கைவிடலாமா? மலேசியத் தோட்டங்களின் வரலாறு கூடாது என்றே சொல்லும். பேராகுவாட் என்னும் களைக்கொல்லி ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் நெடுங்காலம் புழங்கிற்று. முதுகில் மருந்துத் தோம்பைச் சுமந்து அதனை அடித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவருள் தமிழ்ப் பெண்கள் மிகப் பலர். நகம் கறுத்தல், தோல் புண், மூக்கிலிருந்து குருதி வடிதல் எனப் பல தொல்லைகளை அவர்கள் கூறினர். கோலாலம்பூர் வட்டாரத்தில் இயங்கும் தெனாகானித்தா போன்ற அமைப்புகள் அவற்றைத் திரட்டி வெளியிட்டன. முறைப்படி பயன்படுத்தினால் தீங்கில்லை என்று ஆக்கியோர் விடை கூறினர். கொளுத்தும் வெயிலில் முழு உடற்கவசம் அணிந்து நாள் முழுதும் வேலை செய்ய முடியுமா என்பது அவ்விடையில் இடம்பெறவில்லை.

2002ஆம் ஆண்டில் மலேசிய அரசு பேராகுவாட்டைப் படிப்படியாக ஒழிக்கப்போவதாக அறிவித்தது. 2006ஆம் ஆண்டில் அம்முடிவு தளர்த்தப்பட்டது. 2020ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் நாள்தான் தடை முழுமை பெற்றது. பேராகுவாட்டில் மரபணு ஏதும் இல்லை என்பது உண்மையே. ஆனால் அதன் பாடம் இங்கும் பொருந்துவது. அறிஞர்கள் வாதிட்டுக்கொண்டிருந்த அந்தப் பதினெட்டு ஆண்டுகளில் ஐயம் காகிதத்தில் உறங்கிக் கிடக்கவில்லை. அது ஓர் உழைப்பாளியின் நகத்திலும் நுரையீரலிலும் வாழ்ந்தது.

ஐயம் ஒருபோதும் எடையற்றதன்று. யாரேனும் ஒருவர் அதனைச் சுமந்தே தீர வேண்டும். சட்டம் ஒன்றும் செய்யாதிருந்தால், அச்சுமை இயல்பாகவே எளியவர் தலையில் இறங்கிவிடும். அதனை யார் சுமப்பது என்று முன்கூட்டியே வினவுவதுதான் முன்காப்பு நெறியின் உயிர்நாடி. தீங்கில்லை என்று மெய்ப்பிக்க வேண்டியவர் யார்? முடிவெடுக்குமுன் மக்களுக்குச் சொல்லப்பட்டதா? கேடு நேர்ந்தால் ஈடுசெய்பவர் யார்? ஐயம் எந்நாளில் மறுபடி ஆராயப்படும்? இந்நான்கு வினாக்களுக்கும் விடை தரும் ஒப்புதல், ஒப்புதலாயினும் எச்சரிக்கை உடையது. விடை தராத தடை, தடையாயினும் எச்சரிக்கை அற்றது.

செர்டாங்கிலுள்ள மலேசிய வேளாண் ஆராய்ச்சிக் கழகமான மார்டி, விரைவில் பழுத்துக் கெடாத பப்பாளியை மரபணு மாற்றத்தால் உருவாக்க நெடுங்காலமாக முயன்றுள்ளது. அத்தகைய பழமொன்று ஒருநாள் கிள்ளான் சந்தைக்கு வரலாம். அன்று அதனைக் கையில் எடுப்பவர் விஞ்ஞானியாக இருக்கத் தேவையில்லை. இந்நான்கு வினாக்களையும் கேட்கத் தெரிந்தவராக இருந்தால் போதும்.